குறும்பை ஆட்டு ரோமம் தானமாகக் கிடைக்குமா? நூலகத் தரைக்கு ஃபெல்ட் விரிப்பு செய்கிறோம்

திண்ணை | பிப்ரவரி 9, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே சிற்றூர் ஒன்றில் இருக்கிறேன். எங்கள் ஊர் நூலகத்தில் மாலை வேளைகளில் இருபது, இருபத்தைந்து குழந்தைகள் தரையில் உட்கார்ந்து படிக்கிறார்கள். மொசைக் தரை. மார்கழி, தையில் கால் வைக்க முடியாது. பிளாஸ்டிக் பாய் வாங்கிப் போட்டோம். ஆறே மாதத்தில் ஓரம் பிரிந்து, பிள்ளைகள் உட்கார்ந்தபடி நார் நாராக உருவி எடுத்துவிட்டார்கள்.

எங்கள் மகளிர் குழுவில் பன்னிரண்டு பேர். ஆட்டு ரோமத்தில் ஃபெல்ட் விரிப்பு செய்யலாம் என்று பேசி முடித்திருக்கிறோம். தறி வேண்டாம், நூல்கூட நூற்க வேண்டாம். ரோமத்தைப் பரப்பி, சோப்பு கலந்த சுடுநீர் தெளித்து, தேய்த்து உருட்டினால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு தகடு போல இறுகிவிடும். கடையில் விற்கும் மெரினோ என்ற வெளிநாட்டு ஆட்டின் மெல்லிய ரோமம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. சுற்றுவட்டாரத்தில் குறும்பை ஆடுகள் மேய்கின்றன. மயிர் வெட்டியதும் வேலியோரம் குவித்துவிட்டுப் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆடு வைத்திருப்பவர்கள் யாராவது பதினைந்து கிலோ போல ரோமம் தானமாகக் கொடுக்க முடியுமா? கொடுப்பவர்களின் பெயரை நூலகச் சுவரில் பலகையாக வைப்போம். செய்து பழகியவர்கள் யோசனை சொன்னாலும் பெரிய உதவி.

---

சும்மா வந்தவன் | பிப்ரவரி 9, இரவு 9.05

ஒரு பதிவில் நான்கு இடத்தில் "ரோமம்", ஓர் இடத்தில் மட்டும் வாய் தவறி "மயிர்". அக்கா ரொம்பவே யோசித்து எழுதியிருக்கிறார்.

---

கிடைக்காரர் மகன் | பிப்ரவரி 9, இரவு 10.22

எங்கள் வீட்டில் அதற்கு மயிர் என்றுதான் பெயர். ரோமம் என்று சொன்னால் என் அப்பாவுக்குப் புரியும், ஆனால் வந்திருப்பவர் வேலை செய்யமாட்டார் என்றும் கூடவே புரிந்துகொள்வார்.

திண்ணை அக்கா, கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். வேலியோரம் வீசியதைப் பார்த்தீர்கள். ஏன் வீசினார்கள் என்று கேட்டீர்களா? எங்களிடம் நூற்றுப் பத்து உருப்படி இருக்கிறது. வெட்டுக்கு முந்தைய நாள் குளத்தில் இறக்கிக் குளிப்பாட்ட வேண்டும். மறுநாள் நான்கு பேர் காலையிலிருந்து பொழுது சாயும் வரை குனிந்த முதுகு நிமிராமல் கத்திரி போட வேண்டும். கூலி, இரண்டு வேளைச் சோறு, டீ, வெற்றிலை எல்லாம் எங்கள் கணக்கு. முன்பு மயிர் விற்ற காசு அந்தக் கூலிக்காவது சரியாக இருந்தது. கம்பளி நெய்கிறவர்கள் குறைந்ததும் வியாபாரி வருவதே நின்றுவிட்டது. அப்படியும் வெட்டுகிறோம். வெட்டாவிட்டால் வெயிலில் ஆடு இளைக்கும், உண்ணி ஏறும். ஆடு கவரிமா இல்லை. மயிர் போனால்தான் அதற்கு உயிர் வரும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஓர் அமைப்பிலிருந்து வேன் போட்டு வந்தார்கள். கைவினை, கிராம முன்னேற்றம், எல்லாம் பேசினார்கள். அப்பா ஒன்பது மூட்டை கட்டிக் கொடுத்தார். தானம்தான். எட்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது மூட்டைகள் ஒரு கட்டடத்துத் தாழ்வாரத்தில் மழைச்சாரலில் கிடந்தன. தொட்டால் பூச்சி பறந்தது. அப்பா வீட்டுக்கு வந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "காசு கொடுத்து வாங்கியிருந்தால் நனைய விட்டிருப்பார்களா?"

---

திண்ணை | பிப்ரவரி 10, காலை 6.15

தம்பி, இரவு படித்தேன். பதில் எழுதத் தோன்றவில்லை, படுத்துவிட்டேன். உங்கள் அப்பா கேட்டது சரியான கேள்வி. ஆனால் நாங்கள் பன்னிரண்டு பெண்கள். பாதிப் பேர் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள். எங்களிடம் இருக்கும் பணம் சோப்புக்கும் பாத்திரத்துக்கும்தான் வரும். அதனால்தான் தானம் என்று எழுதினேன்.

---

சும்மா வந்தவன் | பிப்ரவரி 10, காலை 9.48

எனக்கு ஒன்று புரியவில்லை. வீசி எறிகிற குப்பையை ஒருவர் கேட்டவுடன் அதற்கு விலை முளைத்துவிடுகிறதே, இது என்ன கணக்கு?

---

கிடைக்காரர் மகன் | பிப்ரவரி 10, மதியம் 1.30

வேலியோரம் கிடப்பதுதான் வேண்டும் என்றால் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும், யாரும் தடுக்கமாட்டார்கள். அதில் நாயுருவி, நெருஞ்சி, புழுக்கை, மண் எல்லாம் இலவசம். ஆனால் அக்காவுக்குத் தேவை அதுவா? வால் மயிர், தொடை மயிர், வயிற்று மயிர் தனியாக, முதுகும் விலாவும் தனியாகப் பிரித்து, காய்ந்த சாக்கில் கட்டியது வேண்டும். அது குப்பை இல்லை, வேலை. குப்பைக்கு விலையில்லை, வேலைக்கு உண்டு. இதுதான் கணக்கு.

---

யார்க்சயர் தமிழன் | பிப்ரவரி 10, மாலை 6.02

இங்கே இங்கிலாந்திலும் இதே கதைதான், நம்புங்கள். பக்கத்து மலையெல்லாம் ஆடு. 2020இல் விலை சரிந்தபோது, கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவுக்குக்கூடக் கட்டாது என்று ரோமத்தை எரித்தவர்கள் உண்டு, உரக்குழியில் போட்டவர்கள் உண்டு. ரோமத்தால் செல்வம் சேர்த்த நாடு இது. மேல்சபைத் தலைவர் இன்றும் ரோமம் திணித்த மெத்தையில்தான் உட்காருகிறார்.

என் மனைவி இங்கே ஓர் ஊர்க்குழுவில் ஃபெல்ட் செய்கிறாள். விவசாயியிடம் ரோமம் இலவசமாகத்தான் வாங்குகிறார்கள். ஆனால் வெட்டும் நாளன்று குழுவே போய் நிற்க வேண்டும். ஆட்டைப் பிடித்துத் தருவது, ரோமத்தை மேசையில் விரித்து அழுக்கு ஓரத்தைக் கிள்ளி எடுப்பது, மூட்டை கட்டுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. அங்கே தானம் இரண்டு பக்கமும் நடக்கிறது. இதை யோசித்துப் பாருங்கள்.

---

ஆட்டு டாக்டர் | பிப்ரவரி 10, இரவு 7.40

கால்நடைத் துறையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பணத் தகராறை நீங்கள் தீர்த்துக்கொள்ளுங்கள், எனக்கு வேறு கவலை. தானம் என்று அறிவித்தால் யார் யாரிடமிருந்தோ மூட்டை வரும். செத்த ஆட்டின் மயிரும் அதில் வரும். அது கூடவே கூடாது.

அடைப்பான் நோய், அதாவது ஆந்த்ராக்ஸ், கேள்விப்பட்டிருப்பீர்கள். முந்தின நாள் நன்றாக மேய்ந்த ஆடு காலையில் செத்துக் கிடக்கும், மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத ரத்தம் வடியும். அந்தக் கிருமியின் வித்துகள் மண்ணிலும் மயிரிலும் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும். சுடுநீர், சோப்புக்கெல்லாம் சாகாது. யார்க்சயர் தம்பி இருக்கும் பக்கம்தான் பிராட்போர்டு. 19ஆம் நூற்றாண்டில் அங்கே ரோமம் தரம் பிரிக்கும் தொழிலாளர்கள் தூசியோடு அந்த வித்துகளைச் சுவாசித்துச் செத்தார்கள். ரோமம் பிரிப்பவர் நோய் என்றே அதற்குப் பெயர் வந்தது. பிற்பாடு 1919இல் சட்டம் போட்டு, வெளிநாட்டு ரோமத்தைக் கிருமி நீக்கம் செய்த பிறகே உள்ளே விட்டார்கள்.

பயமுறுத்த எழுதவில்லை. உயிரோடு, ஆரோக்கியமாக இருக்கும் ஆடு, தெரிந்த மந்தை, கண் முன்னால் வெட்டியது. இவ்வளவு போதும். முகம் தெரியாத மூட்டை வேண்டாம். உண்ணி மருந்து தெளித்த மந்தையென்றால் குறைந்தது இரண்டு மாதம் கழிந்த பிறகு வெட்டியதை எடுங்கள். காய்ந்த ரோமத்தை உதறும்போது மூக்கில் துணி கட்டுங்கள். கத்திரி பிடிப்பவர்கள் டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

---

திண்ணை | பிப்ரவரி 10, இரவு 8.11

ஐயா, இதை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. மிக்க நன்றி. "யாராவது கொடுங்கள்" என்று பொதுவாகக் கேட்டதே தவறு என்று இப்போது தெரிகிறது.

---

ஊட்டிக் குளிர் | பிப்ரவரி 11, காலை 11.20

எட்டு வருடமாக ஃபெல்ட் செய்கிறேன், தொப்பி, செருப்பு உள்தகடு, டீப்பாத்திரத்துக்கு உறை என்று சின்னச் சின்னதாக. திண்ணை, முதலில் ஒரு குளிர்ந்த செய்தி: குறும்பை ரோமம் ஃபெல்டுக்குச் சுலபமானதல்ல.

காரணம் சொல்கிறேன். ரோம இழையின் மேல் மீன் செதில் போல அடுக்கு இருக்கிறது. சூடும் ஈரமும் பட்டால் இழை நெகிழும், சோப்பு வழுக்கும். தேய்க்கத் தேய்க்க ஒவ்வோர் இழையும் வேர்ப்பக்கமாகவே நகரும், செதில் இருப்பதால் பின்னால் வர முடியாது. அப்படி நகர்ந்து நகர்ந்து ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொள்வதுதான் ஃபெல்ட். மெல்லிய, சுருளான இழையில் இது சீக்கிரம் நடக்கும். குறும்பை ரோமம் முரடு. இழையின் நடுவே வெற்றுக் குழல் போல இருக்கும் முடிகள் அதில் நிறைய. குட்டையாக, வெள்ளை வெளேரென்று, ஒடிந்து விழும் முடி ஒன்று கலந்திருக்கும் பாருங்கள், அது பின்னவும் பின்னாது, சாயமும் ஏற்காது.

அதற்காக மெல்லிய ரோமமெல்லாம் ஃபெல்ட் ஆகும் என்றும் நினைக்காதீர்கள். சவுத்டவுன் என்ற ஆங்கில ஆட்டின் ரோமம் மெத்தென்று இருக்கும், ஆனால் என்ன தேய்த்தாலும் பிடிவாதம் பிடிக்கும். ஆகவே பரீட்சை செய்யாமல் பதினைந்து கிலோ வாங்கிவிடாதீர்கள். கழுவிய ரோமம் ஒரு சிட்டிகை, இரண்டு சொட்டு சோப்பு நீர், உள்ளங்கையில் சீடை உருட்டுவது போல மூன்று நிமிடம். உருண்டையாகக் கெட்டிப்பட்டால் ஆகும். பூனை வாந்தி எடுத்தது போல இருந்தால் ஆகாது.

---

பெரம்பலூர் கருப்பு | பிப்ரவரி 11, மதியம் 3.05

எங்கள் திருச்சி கறுப்பு ஆட்டின் மயிர் இன்னும் முரடு. ஆனால் நிறம் இயற்கையிலேயே கரி. சாயம் வேண்டாம். ஓரத்துக்குக் கரை கட்டப் பயன்படும். மேச்சேரி ஆடு வைத்திருப்பவர்களிடம் போய்க் கேட்டு ஏமாறாதீர்கள், அதற்குக் கம்பளியே கிடையாது, வெறும் முடிதான். அதன் பெருமை தோலில் இருக்கிறது.

என் தாத்தா கம்பளி நெய்தவர். புளியங்கொட்டைக் கஞ்சி போட்டு விறைக்க வைப்பார். மழையில் தலைக்குப் போர்த்தினால் ஒரு மணி நேரம் தண்ணீர் உள்ளே வராது. அந்த விறைப்பு ஃபெல்டில் வருமா தெரியவில்லை.

---

ஊட்டிக் குளிர் | பிப்ரவரி 11, மாலை 4.50

விரிப்புக்கு விறைப்பு நல்லதுதான். மெரினோ விரிப்பு போட்டால் இருபத்தைந்து குழந்தைகள் ஒரே வருடத்தில் பிசிறு பிசிறாக ஆக்கிவிடுவார்கள். ஆக முரட்டு ரோமத்தை உடலாகவும் மெல்லியதைப் பசையாகவும் வைத்துக்கொள்ளலாம்.

நீலகிரி ஆட்டு ரோமம் கொஞ்சம் என்னிடம் இருக்கிறது, தெரிந்தவர் ஒருவர் ஆறேழு ஆடு வைத்திருக்கிறார். இழை சுமார் 27 மைக்ரான் தடிமன் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தென்னிந்தியாவில் உடுத்தும் துணிக்கேற்ற ரோமம் தரும் ஆடு இது ஒன்றுதான், இன்று அதுவும் அருகிவிட்டது. ஊட்டி அருகே சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் மந்தை வைத்துக் காப்பாற்றி வருகிறது. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் டாஸ்மேனிய மெரினோ, செவியட், மேலே சொன்ன அந்தப் பிடிவாதக்கார சவுத்டவுன் கிடாய்களைக் கோயம்புத்தூர் ஆட்டோடு கலந்து உருவானது. கோயம்புத்தூர் ஆடு என்றால் உங்கள் குறும்பைதான். ஆக நீலகிரி ஆடு உங்கள் ஊர் ஆட்டின் பேத்தி. கலந்து பாருங்கள், ஒட்டுகிறதா இல்லையா என்று. இரண்டு கிலோ அனுப்புகிறேன். அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது.

---

சும்மா வந்தவன் | பிப்ரவரி 11, மாலை 5.15

பாட்டியும் பேத்தியும் ஒரே பாயில். நன்றாக இருக்கிறது. நேற்றுக் குப்பை என்று எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

---

திண்ணை | பிப்ரவரி 12, காலை 5.50

கணக்குப் போட்டேன். பார்த்துத் திருத்துங்கள்.

மூன்று மீட்டருக்கு இரண்டு மீட்டர், ஆறு சதுர மீட்டர் விரிப்பு வேண்டும். சதுர மீட்டருக்குக் கழுவிய ரோமம் ஒன்றே கால் கிலோ என்று வைத்தால் ஏழரைக் கிலோ. கழுவினால் அழுக்கும் மண்ணும் போய் நூற்றுக்கு அறுபதுதான் தேறும் என்றால், வெட்டியபடி பன்னிரண்டு, பன்னிரண்டரைக் கிலோ. மூன்றில் ஒரு பங்கு சுருங்கும் என்கிறார்கள், ஆகவே பரப்பும்போது நாலரைக்கு மூன்று மீட்டர் இடம் வேண்டும். நூலகத்தில் அலமாரியை நகர்த்தினாலும் அவ்வளவு இடம் இல்லை.

---

ஊட்டிக் குளிர் | பிப்ரவரி 12, காலை 10.02

அவ்வளவு பெரிய துண்டு முதல் முயற்சிக்கு வேண்டாம். மங்கோலியாவில் கூடாரத்துக்கு ஃபெல்ட் செய்பவர்கள் சுருளைக் குதிரைக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். உங்களிடம் குதிரை இருக்கிறதா?

---

சும்மா வந்தவன் | பிப்ரவரி 12, காலை 10.09

டிவிஎஸ் 50 இருக்கிறது.

---

ஊட்டிக் குளிர் | பிப்ரவரி 12, காலை 10.31

சிரித்துவிட்டேன். ஆனால் வேண்டாம். இரண்டடிச் சதுரங்களாகச் செய்யுங்கள், பிறகு தைத்து இணைக்கலாம். எது கிழிந்தாலும் அதை மட்டும் மாற்றலாம்.

---

கிடைக்காரர் மகன் | பிப்ரவரி 12, இரவு 9.55

அக்கா கணக்கில் ஒன்று விட்டுப்போனது, எத்தனை ஆடு என்று. ஓர் ஆட்டுக்கு ஒரு வெட்டில் அரைக் கிலோகூட வராது. முதுகு, விலா மயிர் மட்டும் என்றால் இன்னும் குறையும். நாற்பது உருப்படி வேண்டும்.

அப்பாவிடம் இந்தப் பதிவுகளையெல்லாம் படித்துக் காட்டினேன். யார்க்சயர் அண்ணன் சொன்னது அவருக்குப் பிடித்திருந்தது. "அங்கேயும் தெருவில்தான் கிடக்கிறதா" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு சொன்னது இது: மாசி கடைசியில் வெட்டு. நாற்பது ஆட்டின் வெட்டுக்கூலியை நூலகம் ஏற்க வேண்டும். குழுவிலிருந்து ஆறு பேராவது வந்து பிரிக்க வேண்டும். பெயர்ப் பலகை வேண்டாம். மயிருக்குக் காசும் வேண்டாம். முதலில் தேறும் துண்டு அவருக்கு. கிடையில் இரவு படுக்கும்போது ஈரத்தரை முதுகில் ஏறுகிறதாம், கம்பளிக்கு அடியில் போட.

---

திண்ணை | பிப்ரவரி 12, இரவு 10.20

சம்மதம். கூலிக்கு உண்டியல் வைக்கிறோம். எட்டுப் பேர் வருகிறோம்.

---

நெறியாளர் | பிப்ரவரி 13, காலை 8.00

தொலைபேசி எண்களைப் பொதுவில் போட வேண்டாம், தனிமடலில் பரிமாறிக்கொள்ளுங்கள். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

---

திண்ணை | மார்ச் 11, இரவு 9.30

நேற்று வெட்டு முடிந்தது. கை இரண்டும் எண்ணெய் தடவியது போல வழவழவென்று இருக்கிறது, எத்தனை தடவை கழுவினாலும் ஆட்டு வாசனை போகவில்லை. சோறு பிசையும்போது பேரன் தள்ளி உட்கார்ந்துகொண்டான்.

பிரிக்கும் முறையை எழுதிவிடுகிறேன், அடுத்து செய்பவர்களுக்கு உதவும். யார்க்சயர் தம்பி மேசை என்றார், எங்களிடம் கயிற்றுக் கட்டில்தான் இருந்தது. அதுவே மேல். வெட்டிய மயிரைக் கட்டில் மேல் உதறினால் மண்ணும் துண்டு முடியும் கயிற்றின் சந்து வழியாகக் கீழே கொட்டுகிறது. கட்டிலுக்கடியில் கடைசியில் இரண்டு முறம் மண் அள்ளினோம். நுனி ஒட்டிய புழுக்கை, நாயுருவி எல்லாம் கையால்தான் கிள்ள வேண்டும். தம்பியின் அப்பா ஒவ்வோர் ஆட்டையும் விட்டதும் அதன் மயிரை ஒரு கை அள்ளி மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத்தான் எங்களிடம் தந்தார். ஏழு ஆட்டு மயிரைத் தரவே இல்லை. அடையாளத்துக்கு முதுகில் எனாமல் பெயிண்ட் பூசியிருந்ததாம், அது எதற்கும் போகாது என்றார். எனக்குப் பார்த்த மாத்திரத்தில் ஒன்றும் தெரியவில்லை, வெயிலில் பிடித்துக் காட்டிய பிறகுதான் நுனியில் சிவப்பு தெரிந்தது.

பதினோரு கிலோ சொச்சம் கிடைத்தது. பிளாஸ்டிக் பையில் கட்டப் போனவளை அவர் தடுத்துவிட்டார். வேர்த்துப் புழுங்கிவிடும், சணல் சாக்குதான் சரி என்றார். சாக்குக்கு நடுவே வசம்பும் காய்ந்த வேப்பிலையும் போட்டிருக்கிறோம்.

---

ஆட்டு டாக்டர் | மார்ச் 12, காலை 7.10

நல்ல வேலை. கழுவும் தண்ணீரைச் சாக்கடையில் விடாதீர்கள். சோப்பு போடாமல் முதலில் ஊறவைக்கும் தண்ணீரில் ஆட்டின் வியர்வை உப்பு முழுக்க இறங்கும். அதில் பொட்டாசியம் நிறைய. உங்கள் பக்கம் தென்னை இல்லாத வீடு உண்டா? அதற்கு ஊற்றுங்கள். ஆகாத மயிரையும் பாத்தியில் போட்டு மூடுங்கள், ஈரம் காக்கும், மெதுவாக மக்கித் தழைச்சத்து தரும். ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம் என்பார்கள். ஆட்டு மயிர் அதற்கும் அடுத்த வருஷம் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

ஊட்டிக் குளிர் | மார்ச் 12, காலை 9.45

கழுவும்போது ஒரு எச்சரிக்கை. கை பொறுக்கும் சூட்டுக்கு மேலேயே தண்ணீர் இருக்கட்டும், பூந்திக்கொட்டைச் சாறு போதும். ஆனால் துணி போலக் கும்மாதீர்கள், பிழியாதீர்கள். அமுக்கி வைத்து, கால் மணி நேரம் கழித்து அப்படியே தூக்குங்கள். சூடான தண்ணீரிலிருந்து எடுத்துச் சட்டென்று பச்சைத் தண்ணீரில் போட்டுக் கசக்கினால் தொட்டியிலேயே ஃபெல்ட் ஆகிவிடும். அதன் பிறகு பிரிக்கவே முடியாது.

---

திண்ணை | மார்ச் 20, இரவு 8.05

முதல் துண்டு தோல்வி. மறைக்காமல் எழுதுகிறேன்.

குறும்பை மட்டும் வைத்துச் செய்து பார்த்தோம். நாய்க்குச் சீவும் பிரஷ் இரண்டு வாங்கி ரோமத்தைச் சிக்கெடுத்தோம். கோரைப் பாயை விரித்து, கூரை வேய்வது போல ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி மெல்லிய அடுக்குகள், ஒன்று நெடுக்கு, அடுத்தது குறுக்கு. மேலே பழைய கொசுவலை போர்த்தி, சோப்பு நீர் தெளித்து உள்ளங்கையால் வட்டமாகத் தேய்த்தோம். பிறகு பாயைப் பிவிசி குழாயில் சுற்றி, கயிறு கட்டி, நாலு பேர் வரிசையாக உட்கார்ந்து காலால் உருட்டினோம். ஒன்றரை மணி நேரம். பிரித்துத் தூக்கினால் நடுவில் பிய்ந்து இரண்டாக வந்தது, கோழி கூட்டில் கிளறிய வைக்கோல் மாதிரி. ஒருத்தி அழுதேவிட்டாள்.

---

ஊட்டிக் குளிர் | மார்ச் 20, இரவு 8.50

அழ வேண்டாம், என் முதல் தொப்பி கொட்டைப்பாக்கு அளவுக்குச் சுருங்கியது. மூன்று பங்கு குறும்பை, ஒரு பங்கு நீலகிரி என்று சீவும்போதே கலந்துவிடுங்கள். அடியிலும் மேலேயும் நீலகிரி மட்டும் மெல்லிதாக ஓர் அடுக்கு. தேய்க்கும்போது முதல் கால் மணி நேரம் பூனையைத் தடவுவது போல, அப்புறம்தான் பலம். உருட்டும்போது பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பிரித்து, திசை மாற்றி, தண்ணீரைச் சூடாக்கி மறுபடி தெளியுங்கள், ஆறிய தண்ணீர் வேலை செய்யாது. ஆயிற்றா என்று பார்க்க மேல்பரப்பை இரண்டு விரலால் கிள்ளித் தூக்குங்கள். இழை தனியாக வந்தால் இன்னும் ஆகவில்லை. மொத்தத் துண்டும் சேர்ந்து எழுந்தால் ஆயிற்று. கடைசியில் தண்ணீர் தெளியும் வரை அலசி, ஒரு கை வினிகர் விட்ட தண்ணீரில் நனைத்துக் காயப்போடுங்கள். சோப்பு உள்ளே தங்கினால் இழை இற்றுப்போகும்.

---

திண்ணை | மார்ச் 29, மாலை 6.40

கிள்ளினேன். முழுத் துண்டும் எழுந்தது!

இரண்டடி எதிர்பார்த்தோம், ஒன்றே முக்காலுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. ஓரம் கோணல். ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் இளைப்பு. தொட்டால் தேங்காய் நார் மிதியடிக்கும் கம்பளிக்கும் நடுவில் ஒரு பதம். மேலெல்லாம் வெள்ளைத் துண்டு முடி முள் போல நீட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு நாள் நிழலில் காய்ந்தது. இன்று காலையில் தம்பியின் அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஒப்பந்தம் அதுதானே. இது வரை நான்கு துண்டு, இன்னும் பதினாறு பாக்கி. நீலகிரி ரோமம் பத்துக்குத்தான் வரும் போலிருக்கிறது.

---

பெரம்பலூர் கருப்பு | மார்ச் 29, மாலை 7.15

கரைக்கு ஒரு கிலோ கறுப்பு அனுப்பட்டுமா? எங்கள் மாமா மந்தையில் நானே நின்று வெட்டியது, டாக்டர் ஐயா சொன்ன எல்லாம் பார்த்துத்தான்.

---

திண்ணை | மார்ச் 29, மாலை 7.32

அனுப்புங்கள் தம்பி. வெட்டுக்கூலி எவ்வளவு என்று முதலில் சொல்லுங்கள்.

---

கிடைக்காரர் மகன் | ஏப்ரல் 2, இரவு 10.10

அப்பா நான்கு இரவு அதில் படுத்துவிட்டார். நேற்று முன்தினம் கோடை மழை அடித்தது, கிடை முழுக்கச் சகதி. அடியில் ஈரம் தொட்டது, மேலே வரவில்லை என்கிறார். முள் முடி முதுகில் குத்துகிறது, அதற்கு மேலே வேட்டியை மடித்துப் போட்டுக்கொள்கிறாராம். நீளம்தான் போதவில்லை, இடுப்புக்குக் கீழே தரைதான்.

ஆடியில் அடுத்த வெட்டு. இந்தத் தடவை பெயிண்ட் பூசவில்லை, காதில் வில்லை போட்டிருக்கிறார். சாக்கு நீங்களே கொண்டுவர வேண்டும், எங்களிடம் இருந்தது தீர்ந்துவிட்டது.